கருட சேவையன்று ஆறு மணி பஸ்

கம்பெனி கைமாறிய செய்தியை எங்களுக்கு முதலில் சொன்னவர் ஒரு பெயிண்டர். ஒரு திங்கட்கிழமை காலை ஏணியும் டப்பாவுமாக ஷெட்டுக்கு வந்தார். எந்த பஸ்ஸிலிருந்து ஆரம்பிக்கட்டும் என்று கேட்டார். எதை ஆரம்பிக்கப் போகிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்டேன்.

"பேரை அழிக்கச் சொன்னாங்களே சார். புதுப் பேரு ஸ்டிக்கரா நாளைக்கு வருது. உங்களுக்குச் சொல்லலியா?"

யாரும் சொல்லவில்லை. எந்த பஸ்ஸை எந்த டிரைவர் எடுப்பது, யார் ஏறினார்கள், எப்போது கிளம்புவது என்று காஞ்சிபுரம் கிளையில் இருபத்தாறு வருடம் பார்த்துக்கொண்டிருந்தவன் நான். மத்தியானச் சாப்பாட்டுக்குள் எங்கள் ஒன்பது பஸ்களும் பேரில்லாமல் நின்றன. முதலாளிக்குப் போன் பண்ணினேன். எடுக்கவில்லை. அவர் மகள் கல்யாணத்தில் பந்தி விசாரித்தவன் நான். மூன்றாம் நாள் அவரிடமிருந்து வாட்ஸ்அப்பில் பதில் வந்தது. இரண்டு கை கும்பிடுகிற படம், அவ்வளவுதான். அதைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேனோ தெரியாது. டீ ஆறிப்போனது.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். சீட் போடுவது, வண்டி அனுப்புவது எல்லாம் உங்கள் கையிலிருக்கும் போன் என்னைவிட நன்றாகச் சொல்லித் தரும். அது சொல்லித் தராத ஒன்றை எழுதுகிறேன். அது நான் செய்த தப்பு. ரிட்டயரானவன் தன் பெருமையைத்தான் பாடுவான் என்று நினைத்திருந்தால் மன்னிக்கவும். பெருமைப்பட எனக்கும் நாலு விஷயம் உண்டு. அவற்றால் உங்களுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை.

வாங்கியது வெளியூரில் இருக்கும் பெரிய கம்பெனி. அடுத்த ஒரு மாதம் தினம் ஓர் அதிர்ச்சி. எங்கள் பெங்களூர் வண்டியை ஓட்டியவர் மஸ்தான். ஐந்து வேளை தொழுகிறவர், பாக்குகூடப் போடாதவர். அவரிடம் காலையில் ஒரு குழாயை நீட்டி ஊதச் சொன்னார்கள், குடித்திருக்கிறாரா என்று பார்க்க. ஊதிவிட்டு, மெஷினைத் தன் துண்டால் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார். அன்று முழுக்க என்னோடு பேசவில்லை, என்னவோ நான்தான் ஊதச் சொன்ன மாதிரி. பட்டு வியாபாரிகளை அவரவர் தெருமுனையில் ஏற்றிக்கொள்வோம். அதுவும் கூடாது, ஆபீஸ் வாசலில்தான் ஏற வேண்டும் என்று உத்தரவு வந்தது. பயணிகளின் போன் நம்பரும் எங்கள் கண்ணிலிருந்து மறைந்தது. கடைசி இரண்டு எண் மட்டும் தெரியும், மற்றதெல்லாம் நட்சத்திரம். முன்பெல்லாம் விடியற்காலையில் நானே ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, கிளம்பியாயிற்றா என்று கேட்பேன். சிலருக்கு நான்தான் அலாரம். இப்போது எல்லோருக்கும் மெசேஜ் தானாகப் போய்விடும், நீங்கள் கூப்பிட வேண்டாம் என்றார்கள்.

இதில் பாதி நியாயம்தான் என்று இப்போது தெரிகிறது. பெண்பிள்ளைகளின் போன் நம்பர் எங்கள் மேஜை மேல் திறந்து கிடந்தது தப்புதான். ஆனால் அன்றைக்கு எனக்கு எல்லாமே மூஞ்சியில் அடித்த மாதிரி இருந்தது. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பது ஒன்றுதான் மனதில் நின்றது. கேட்கட்டும், கேட்டால் சொல்லலாம் என்று ஒரு வீம்பு வந்து உட்கார்ந்துகொண்டது.

உண்மையைச் சொன்னால், கேட்கவும் கேட்டார்கள். எங்கள் பகுதிக்கு மேனேஜராக மேனகா என்று ஒருவர் வந்தார். கோயம்புத்தூர்ப் பக்கம். வயது முப்பத்திரண்டு, முப்பத்துமூன்று இருக்கும். வந்த முதல் வாரமே எனக்கு ஒரு தாள் கொடுத்தார்.

"சார், உங்க ஊர்ல வருசத்துல எந்தெந்த நாள் வண்டி வேற மாதிரி போகோணும், எங்கெங்க ரோடு அடைப்பாங்க, அதையெல்லாம் எழுதிக் குடுத்துருங்க. எனக்கு இந்த ஊரு சுத்தமாத் தெரியாதுங்க."

நல்லபடியாகத்தான் கேட்டார். எனக்கு அது பரீட்சை வைப்பது மாதிரி பட்டது. என் தலைக்குள் இருப்பதை ஒரு தாளில் வாங்கிக்கொண்டு என்னை வீட்டுக்கு அனுப்பப் பார்க்கிறார்கள் என்று நினைத்தேன். அந்தத் தாளில் "குறிப்பாக ஒன்றும் இல்லை" என்று எழுதி, கீழே கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். கையெழுத்து நன்றாகவே விழுந்தது.

வெளியூர்க்காரர்களுக்கு இங்கே ஒன்று சொல்ல வேண்டும். வைகாசியில் எங்கள் ஊரில் பெருமாள் கருட வாகனத்தில் வீதிக்கு வரும் நாள் ஒன்று உண்டு. விடிவதற்கு முன்பே ஊரின் முக்கியத் தெருக்கள் எல்லாம் ஜனத்தால் அடைந்துவிடும். சைக்கிள்கூட நகராது. எங்கள் ஆபீஸ் இருந்த தெரு சாமி வரும் தெரு. ஷெட் ஊருக்கு வெளியே முசரவாக்கம் போகிற பக்கம் இருந்தது. ஆகவே அன்று ஒரு நாள் மட்டும் காலை ஆறு மணி பெங்களூர் பஸ் ஊருக்குள் வராது, ஷெட் வாசலிலேயே நிற்கும். இது எந்தப் புத்தகத்திலும் எழுதி வைத்ததில்லை. இங்கிலீஷ் தேதியும் வருடத்துக்கு வருடம் மாறும். பட்டு வியாபாரிகள் தாங்களே விடியற்காலையில் அங்கே போய்விடுவார்கள். தெரியாதவர்களுக்கு நான் முதல் நாளே போன் பண்ணிச் சொல்வேன். அப்படியும் ஆபீசுக்கு வந்துவிட்ட நாலைந்து பேரை எங்கள் ஆட்கள் டூவீலரில் வைத்துப் பின்சந்துகள் வழியாகக் கொண்டு சேர்ப்பார்கள்.

கம்பெனி கைமாறிய வருடமும் வைகாசி வந்தது. தெருவில் தோரணம் கட்டினார்கள். புதுக் கம்பெனியின் திரையில் அந்த நாள் மற்ற நாட்களைப் போலவே இருந்தது. ஏறுமிடம் ஆபீஸ் வாசல், நேரம் ஆறு மணி.

மஸ்தான் இரண்டு நாள் முன்பு என்னிடம் வந்தார்.

"ணா, அந்த மேடத்துகிட்ட சொல்லிட்டியா? வண்டி உள்ள வராதுன்னு."

"கேக்கலியே."

"கேக்கலைன்னா இன்னாணா, சொல்லிடலாம். அந்தம்மாவுக்கு இன்னா தெரியும் பாவம்."

"கேட்டா சொல்லலாம்பா. நீ உன் வேலையப் பாரு."

நான் போட்டிருந்த கணக்கு இதுதான். அன்று காலை பஸ் வராது. வெளியூரில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருப்பவர்கள் ஐந்தே முக்காலுக்குப் பதறிப்போய் என்னைக் கூப்பிடுவார்கள். "என்ன செய்யறதுங்க" என்று மேனகா கேட்பார். நான் ஒரு நிமிடம் சும்மா இருந்துவிட்டு, "நான் பார்த்துக்கறேம்மா" என்று சொல்வேன். மூன்று டூவீலர் ஆட்களைப் பின்சந்தில் தயாராக நிறுத்தியும் வைத்திருந்தேன். பத்தே நிமிடத்தில் எல்லோரையும் கொண்டு சேர்த்துவிடுவேன். அதற்குப் பிறகு இந்தக் கிளையில் என்னைக் கேட்காமல் ஓர் ஆணி அடிக்க மாட்டார்கள். யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை, கொஞ்சம் பயம் காட்டினால் போதும் என்று நினைத்தேன்.

கருட சேவைக்கு முதல் நாள் சாயங்காலம் ஒரு பெண் ஆபீசுக்கு வந்தாள். பட்டுக்கடைச் சிப்பந்திகள் கட்டும் ஒரே மாதிரிச் சேலை. கடையிலிருந்து நேராக வந்திருந்தாள்.

"சார், நாளைக்கு ஆறு மணி பெங்களூரு வண்டில சீட்டு போட்டிருக்கேன். நாளைக்கு கருட சேவையாச்சே, வண்டி இங்கதான் வருதா?"

அன்று மத்தியானம்தான் தலைமை ஆபீசிலிருந்து எனக்கு ஓர் உத்தரவு வந்திருந்தது. பயணிகளுக்கு வாய்வழியாக எந்தத் தகவலும் தரக்கூடாது, எல்லாம் மெசேஜில் இருக்கிறது என்று. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

"மெசேஜ்ல இன்னா போட்டிருக்குதோ அதாம்மா" என்றேன்.

அவள் போனை எடுத்துப் பார்த்தாள். "ஆபீஸ் வாசல், ஆறு மணின்னு போட்டிருக்குது."

"அப்புறம் இன்னா."

"இல்ல சார், பெங்களூருல எனக்குப் பரீட்சை இருக்குது. பன்னண்டரைக்கு கேட்டு மூடிடுவாங்க. அதான் ஒரு வாட்டி கேட்டுக்கலாம்னு வந்தேன்."

"பதினொரு மணிக்கெல்லாம் இறக்கி வுட்ருவோம். பயப்படாம போம்மா."

அவள் சிரித்துக்கொண்டே போனாள். கம்பெனி மேலிருந்த கோபத்தில் நான் சொன்ன பதில் அது. காதில் வாங்கிக்கொண்டவள் அவள். கேட்டால் சொல்லலாம், கேட்டால் சொல்லலாம் என்று ஒன்றரை மாதமாக நான் ஒரு கேள்விக்குக் காத்திருந்தேன். அது வந்து என் எதிரில் நின்று கேட்டது. நான் எதிர்பார்த்த வாயிலிருந்து வரவில்லை என்பதால் எனக்கு அடையாளம் தெரியவில்லை.

மறுநாள் காலை ஐந்து மணிக்கெல்லாம் அவள் வந்துவிட்டாள். பேர் சுகன்யா, பிள்ளையார்பாளையத்திலிருந்து நடந்தே வந்ததாகச் சொன்னாள். அவளோடு சேர்த்து ஆறு பேர் வாசலில் நின்றார்கள். ஜனம் ஏற்கெனவே தெருவை நிறைத்திருந்தது. அவள் காதிலும் கையிலும் ஒன்றும் இல்லை. கழுத்தும் வெறுமையாக இருந்தது. பரீட்சைக்கு நகை போட்டுக்கொண்டு போனால் உள்ளே விட மாட்டார்களாம், வீட்டிலேயே கழற்றிவிட்டேன் என்றாள். மத்திய அரசு வேலைக்கான பரீட்சை. இங்கே எழுத இடம் கிடைக்காமல் பெங்களூரில் போட்டிருந்தார்கள். முதல் நாளே போய்த் தங்கலாமென்றால், திருவிழாக் கூட்டத்தில் கடையில் ஒரு நாள் லீவு வாங்குவதே பெரும்பாடாக இருந்திருக்கிறது.

"இதான் சார் கடைசி வாட்டி. அடுத்த வருசம் வயசு தாண்டிடும்."

அப்போதே அவளை வண்டியில் ஏற்றி அனுப்பியிருக்கலாம். ஆள் இருந்தது, வண்டி இருந்தது, சந்து திறந்திருந்தது. ஐந்து ஐந்துக்கு அனுப்பினால் ஐந்து இருபதுக்கு பஸ்ஸில் உட்கார்ந்திருப்பாள். நான் அனுப்பவில்லை. மேனகாவின் போன் வரட்டும் என்று காத்திருந்தேன். இதை எழுதும்போது எனக்குக் கை கூசுகிறது. ஆனால் நடந்தது இதுதான்.

ஐந்தே முக்கால் ஆயிற்று. போன் வரவில்லை. ஆறடிக்க ஐந்து நிமிடம், வரவில்லை. ஆறு மணிக்கு எனக்குள் ஒரு கடுப்பு. இவ்வளவு அலட்சியமா, பஸ் வரவில்லையே என்றுகூடவா கேட்க மாட்டார்கள் என்று போனை எடுத்துப் பார்த்தேன். மேலே சிக்னல் கோடு ஒன்றுகூட இல்லை. மஸ்தானுக்கு அடித்துப் பார்த்தேன், போகவில்லை. மேனகாவுக்குப் போகவில்லை. பக்கத்தில் நின்றவர்கள் எல்லோரும் போனைத் தலைக்கு மேல் தூக்கிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள், யாரும் பேசவில்லை. அத்தனை லட்சம் ஜனத்துக்கு நடுவில் லைன் முழுதாகச் செத்துப்போயிருந்தது. முந்தைய வருடங்களிலும் செத்திருக்கும். ஆனால் அப்போதெல்லாம் நான் முதல் நாளே பேசி முடித்திருப்பேன். அதனால் எனக்கு அது தெரியவே இல்லை.

ஆறு பேரையும் கூப்பிட்டுப் பின்சந்துக்கு ஓடினேன். மூன்று வண்டியிலும் இரண்டிரண்டு பேராக ஏற்றுங்கள் என்றேன். வண்டியைக் கிளப்பும்போதே மேளச் சத்தம் கேட்டது. சந்து போய்ச் சேரும் தெருவில் பெரிய குடைகள் திரும்பிவிட்டன. அதன் பின்னால் கருடன். அந்தத் தெருவைக் குறுக்கே தாண்டித்தான் நாங்கள் மேற்கே போக வேண்டும். ஜனம் சுவர் மாதிரி நின்றது. "கோவிந்தா" என்று ஒரே குரல். எல்லோருடைய கையும் தலைக்கு மேல் குவிந்திருந்தது. சுகன்யா மட்டும் கும்பிடவில்லை. கையில் பரீட்சைச் சீட்டு இருந்த பிளாஸ்டிக் கவரை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள்.

"சார், வண்டி எங்க சார் நிக்குது?"

"முசரவாக்கம் பக்கம்மா. நிக்கும், நிக்கும். மஸ்தான் நிப்பாட்டி வெச்சிருப்பார்."

சாமி நகர்ந்து, கூட்டம் கொஞ்சம் இளகி, வண்டிகளைத் தள்ளிக்கொண்டே நாங்கள் தெருவைத் தாண்டும்போது ஏழாகப் போகிறது. ஊர் எல்லையைத் தொட்டதும் ஆறு பேர் போனும் ஒரே நேரத்தில் ஒலித்தது. சுகன்யா தன் போனை என்னிடம் நீட்டினாள். ஐந்து நாற்பத்தெட்டுக்கு அனுப்பிய மெசேஜ். ரோடு அடைத்திருப்பதால் ஏறுமிடம் மாறிவிட்டது, உங்கள் பஸ் முசரவாக்கம் ஷெட்டில் காத்திருக்கிறது என்று போட்டிருந்தது. என் போனில் மேனகா கூப்பிட்டு விட்டுப்போன அழைப்பு ஒன்பது இருந்தது.

நான் கணக்குப் போட்ட எல்லாவற்றையும் அவர்கள் செய்திருந்தார்கள். மீதியைப் பிறகு மஸ்தான் சொன்னார். ஐந்து நாற்பத்தைந்துக்கு மஸ்தான், வண்டி உள்ளே போகாது என்று மேனகாவிடம் சொன்னவுடன் மூன்றே நிமிடத்தில் இடத்தை மாற்றி, எல்லோருக்கும் மெசேஜ் அனுப்பி, என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். கால் மணி நேரம் கூடுதலாகவும் நிறுத்தியிருக்கிறார்கள். மற்ற பயணிகள் எல்லோரும் ஏறிவிட்டார்கள், ஆறு பேர் மட்டும் பதிலே இல்லை. வர மாட்டார்கள் என்று முடிவு செய்து ஆறேகாலுக்கு எடுக்கச் சொல்லிவிட்டார்கள். மஸ்தான் இன்னும் கொஞ்சம் பார்க்கலாமே என்று இரண்டு முறை கெஞ்சியிருக்கிறார். ஒரு நாள் முன்னால் நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இது எதுவும் தேவையே இல்லை.

மற்ற ஐந்து பேருக்கும் அவசரம் இல்லை, ஒன்பது மணி வண்டியில் போகிறோம் என்றார்கள். சுகன்யாவுக்கு நான் ஒரு வாடகைக் கார் பிடித்தேன். நானும் ஏறிக்கொண்டேன். தனியாக அனுப்ப மனம் வரவில்லை. அப்போது மணி ஏழு இருபத்தைந்து.

ஐந்து மணி நேரம் அவள் பக்கத்தில் உட்கார்ந்து போனேன். முதலில் அவள் படிக்கப் பார்த்தாள். வேலூர் தாண்டியதும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டாள். கிருஷ்ணகிரிக்கு அப்பால் அவளே பேசினாள்.

"நீங்க இல்லைன்னா சார், அங்கியே நின்னுக்கினு இருந்திருப்பேன். உங்களுக்குத்தான் பாவம் அலைச்சல்."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். எவ்வளவோ வசவு வாங்கியிருக்கிறேன் இந்த வேலையில். செருப்பைக் கழற்றியவர்கள்கூட உண்டு. அந்த ஒரு நன்றி மாதிரி எதுவும் என்னைக் கூனிக்குறுக வைத்ததில்லை.

ஓசூரைத் தாண்டியதும் நெரிசல் பிடித்துக்கொண்டது. பன்னிரண்டு நாற்பத்தெட்டுக்கு அந்தக் கல்லூரி வாசலில் இறங்கினோம். கேட் மூடியிருந்தது. அவளைப் போல இன்னும் இரண்டு பேர் வெளியே நின்று காவல்காரரிடம் கன்னடத்தில் மன்றாடிக்கொண்டிருந்தார்கள். நானும் போய்க் கையெடுத்துக் கும்பிட்டேன். என் தப்பு, இந்தப் பெண்ணின் தப்பில்லை என்று தமிழிலேயே சொன்னேன். அவருக்குப் புரிந்ததோ என்னவோ, தலையை மட்டும் ஆட்டினார். அவர் கையில் சாவியே இல்லை என்று காட்டினார்.

சுகன்யா யாரையும் கெஞ்சவில்லை. கொஞ்ச நேரம் கேட்டைப் பார்த்தாள். பிறகு கைப்பையிலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்தாள். வழியில் தொலையாமல் இருக்கக் காகிதத்தில் மடித்துத் தோடு இரண்டையும் எடுத்து வந்திருந்தாள், பரீட்சை முடிந்ததும் போட்டுக்கொள்ளலாம் என்று. அங்கேயே ரோட்டில் நின்று ஒவ்வொன்றாகக் காதில் போட்டுக்கொண்டாள். திருகாணி ஒரு பக்கம் சரியாக ஏறவில்லை. அந்தத் திருகாணியை அவள் திருகிய நேரம் என் வாழ்க்கையில் மிக நீளமான நேரம். அப்புறம், "போலாம் சார்" என்றாள்.

மறுநாள் மேனகா கூப்பிட்டார். எனக்கு வேலை போகப்போகிறது என்று நினைத்துத்தான் எடுத்தேன்.

"அந்தப் பொண்ணு நம்ம கம்பெனி மேல புகார் எழுதியிருக்காங்க சார். கடைசில உங்களைப் பத்தி ரெண்டு வரி இருக்குது, படிக்கட்டுங்களா? 'ஆபீசில் இருந்த பெரியவர் மட்டும் இல்லையென்றால் நான் பெங்களூர் வரைகூடப் போயிருக்க முடியாது. அவருக்கு என் நன்றி.'"

போனை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"தலைமை ஆபீஸ்ல உங்களுக்குப் பாராட்டுக் கடிதம் குடுக்கறாங்க. நானும் சரின்னுட்டேன். ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், தப்பா நினைக்காதீங்க. இப்படி ஒரு நாள் இருக்குதுன்னு உங்களுக்கு முன்னாலயே தெரியாதுங்களா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். என் கையெழுத்து போட்ட தாளும் அதைத்தான் சொன்னது. பாராட்டுக் கடிதத்தைச் சட்டம் போட்டு மாட்டியும் இருக்கலாம். யாரும் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள், மஸ்தான் என்னைக் காட்டிக்கொடுக்கிறவர் இல்லை. ஆனால் எனக்கு அந்தத் திருகாணி கண்முன் வந்தது.

"தெரியும்மா" என்றேன். "தெரிஞ்சுதான் சொல்லல. நீங்க திண்டாடணும்னு நெனச்சேன்."

திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் குரல் இறங்கிப்போய் வந்தது.

"நான் அன்னைக்குத் திண்டாடவே இல்லீங்களே சார். எனக்கு ஒண்ணுமே ஆகலீங்களே."

உண்மைதான். அவருக்கு ஒரு கீறல்கூட இல்லை. நான் குறிவைத்தது ஒருவரை, அடிபட்டது வேறொருத்தி. உங்கள் கம்பெனியும் ஒரு நாள் கைமாறும், பெயிண்டர் வந்து பெயரை அழிப்பார், உங்களை யாரும் மதிக்கவில்லை என்று தோன்றும். அந்தக் கோபம் நியாயமானதாகவே இருக்கலாம், என்னுடையதும் நியாயமானதுதான். ஆனால் நம் தொழிலில் கம்பெனிக்கும் நமக்கும் நடுவில் எப்போதும் ஒரு பயணி நிற்கிறார். நாம் எறிவது எதுவும் அவரைத் தாண்டிப் போவதில்லை.

மேனகா கடைசியாகச் சொன்னார், "கம்பெனிக்கு என்ன எழுதோணுமோ நான் எழுதிக்கறேன். அந்தப் பொண்ணுகிட்ட நீங்கதான் போய்ச் சொல்லோணும்." எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. ரிட்டயராகும் வரை, மேலும் இரண்டு வருடம், அதே நாற்காலியில்தான் இருந்தேன். பரீட்சை நடத்தியவர்களுக்குக் கம்பெனியிலிருந்தே கடிதம் எழுதி மறுபடி ஒரு வாய்ப்பு கேட்டார்கள். விதியில் இடமில்லை என்று பதில் வந்தது. அந்தப் பதிலின் நகலையும் எடுத்துக்கொண்டுதான் பிள்ளையார்பாளையம் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை. சுகன்யா வீட்டில் இருந்தாள். முன்னறையில் எனக்கு நாற்காலி போட்டு, தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். உள்ளறையில் அவள் அப்பா தறியில் உட்கார்ந்திருந்தார், சத்தம் ஓடிக்கொண்டிருந்தது. பதில் கடிதத்தைக் கொடுத்தேன். படித்துவிட்டு மடித்து வைத்தாள். பிறகு நான் சொல்ல ஆரம்பித்தேன். தாளில் ஒன்றும் இல்லை என்று எழுதியதையும், மஸ்தான் கேட்டபோது தடுத்ததையும், அவள் சாயங்காலம் வந்து கேட்டபோது எனக்கு எல்லாம் தெரியும் என்பதையும், காலையில் போனுக்காகக் காத்திருந்ததையும் ஒன்று விடாமல் சொன்னேன். பாதியில் தறிச் சத்தம் நின்றுவிட்டது.

அவள் அழுதால் பரவாயில்லை என்று இருந்தது. வெளியே போ என்றால் இன்னும் நல்லது. அவள் தரையைப் பார்த்துக்கொண்டே குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

"அப்பா சொன்னாரு சார். அந்தக் காலத்துல பட்டு நூல் வாங்க அந்த வண்டிலதான் போவாராம். கருட சேவை அன்னிக்கு வண்டி உள்ள வராது, முசரவாக்கம் பக்கம்தான் நிக்கும், நாலு மணிக்கே நானே சைக்கிள்ல கொண்டாந்து வுட்டுடறேன்னு சொன்னாரு. நான்தான் ஒத்துக்கல. ஆபீஸ்லயே போய் கேட்டுக்கினு வந்துட்டேன், அவங்களுக்குத் தெரியாததா உனக்குத் தெரியப்போவுதுன்னு கத்திட்டேன்."

உள்ளறையிலிருந்து அவர் வெளியே வரவில்லை. தறியும் மறுபடி ஓடவில்லை.

"அதுக்கப்புறம் அவரு என்கிட்ட அதைப் பத்தி ஒரு வார்த்தை பேசல சார். இப்ப நான் அப்பாகிட்ட இன்னான்னு சொல்றது?"

உள்ளறைப் பக்கம் ஒரு முறை பார்த்தேன். தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்துவிட்டேன்.